சத்தம் கீழேயிருந்து வந்தால்

வியாழன், 2024 பெப்ரவரி 8. ஹப்புத்தளை

பொடிமெனிக்கே ரயில் இன்றும் பிந்தித்தான் வந்தது. விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் ஏறினேன். நானுஓயாவில்தான் உட்கார இடம் கிடைத்தது. அதுவரை ஒரு காலில் நானும் மறு காலில் யாரோ ஒருவரின் கீரைப் பையுமாக வந்தோம்.

ஹப்புத்தளை மலையின் முதுகெலும்பில் உட்கார்ந்திருக்கும் ஊர். தெருவின் ஒரு பக்கம் ஊவாவின் மேடு பள்ளங்கள். மறுபக்கம் நிலம் ஒரேயடியாகக் கீழே இறங்கித் தெற்குச் சமவெளியாகிவிடுகிறது. மாலையில் பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டதால் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

ஏன் வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஓகஸ்ட் 29, சனிக்கிழமை இரவு, கண்டிப் பக்கம் திகனவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் என் சித்தி கொழும்புக்குப் போன் எடுத்தார். "தம்பி, இப்ப நெலம் ஆடிருச்சு" என்றார். நான் சிரித்தேன். லொறி போயிருக்கும், இல்லாவிட்டால் கல்லுக்கு வெடி வைத்திருப்பார்கள் என்றேன். இலங்கையில் ஏது பூமியதிர்ச்சி என்று பாடமும் எடுத்தேன். மறுநாள் செய்தியில் ஹாரகம, அனுரகம, மயிலப்பிட்டிய, தலாத்துஓயா என்று ஊர்களின் பெயர் வரிசையாக வந்தது. சித்தி பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் உறுத்தல். மூன்றரை வருடம் கழித்துக் கேட்கப் போகிறேன். நேரே போகாமல் ஹப்புத்தளை, வெல்லவாய என்று சுற்றிக்கொண்டு போவதற்கும் காரணம் உண்டு, நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளி, பெப்ரவரி 9. கொஸ்லாந்தை, வெல்லவாய

காலையில் பேரகலை வந்து, வெல்லவாய பஸ்ஸில் ஏறிக் கொஸ்லாந்தையில் இறங்கினேன். அங்கிருந்து மீரியபெத்தைக்குத் த்ரீவீல்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மலைச்சரிவு இறங்கி வந்து லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடிய இடம் அது. இப்போது மானாப்புல்லும் புதருமாகக் கிடக்கிறது. தெரியாதவர் பார்த்தால் கைவிட்ட தேயிலை மலை என்று நினைப்பார். அன்று பூமி அதிரவில்லை. விடாமல் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, மண் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் வழுக்கியது, அவ்வளவுதான். 2005இலும் 2011இலும் இடம் மாறச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். சொல்வதற்கும் மாறுவதற்கும் நடுவே காணி வேண்டும், வீடு வேண்டும். அது வரவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் விசாரிக்கவில்லை. கேட்கக்கூடிய இடமில்லை அது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம். பஸ் ஜன்னலில் ஒரு நிமிடம் தெரிந்தது. தண்ணீர் குறைவு.

வெல்லவாய வேறு உலகம். வெயில். மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் அடிவாரம். போன வருடம் இதே நாட்களில்தான் இங்கேயும் புத்தலவிலும் நிலம் ஆடியது. ரிக்டர் அளவில் 3ஐச் சுற்றி. துருக்கியில் 7.8 அளவில் நகரங்கள் சரிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. டிவியில் நாள் முழுக்க இடிபாடு. அந்த நேரம் பார்த்துக் காலடியில் குலுங்கினால் எப்படி இருந்திருக்கும்?

தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார்: "மூணு ராத்திரி முத்தத்துலதான் படுத்தோம். நாலாவது நாள் மழை தூறுச்சு. உள்ளுக்குப் போயிட்டோம். மழைக்கு நனையிறதவிட செத்தாலும் பரவாயில்லன்னு மனுசி சொல்லிருச்சு."

ஒரு சின்னக் கணக்கு. ரிக்டரில் ஓர் எண் கூடினால் ஆட்டம் பத்து மடங்கு கூடும், வெளிப்படும் சக்தியோ ஏறத்தாழ 32 மடங்கு. திகனவில் வந்தவை 2ஐ ஒட்டியவை. 2க்கும் 7.8க்கும் சக்தியில் வித்தியாசம் ஏறத்தாழ 50 கோடி மடங்கு. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அது சரி, எனக்கு அன்னைக்கு யாரு கணக்குச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

சனி, பெப்ரவரி 10. கண்டி, பல்லேகல

நாள் முழுக்க ரயில். ஓஹியவுக்கும் பட்டிப்பொலவுக்கும் நடுவே குளிர், ஹட்டனில் வடை, பேராதனையில் சன நெரிசல். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

கண்டியில் மஹியங்கனை பஸ் பிடித்தேன். குண்டசாலை தாண்டிப் பல்லேகல வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கிரிக்கெட் மைதானத்தைத் தேடினார்கள். எனக்கு வேறொன்று. நிலத்தில் காது வைத்துக் கேட்டபடி இருக்கும் கருவி ஒன்று இந்தப் பல்லேகலவில் இருக்கிறது. உலக நாடுகளில் பரந்து கிடக்கும் நில அதிர்வு வலையமைப்பின் ஒரு நிலையம். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது அதன் அதிர்வு சில நிமிடத்தில் இங்கே பதிவாகிவிட்டது. அலை நம் கிழக்குக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்த மலையில் பதிந்த அதிர்வுக் கோட்டைப் படித்துக் கரைக்குச் சொல்ல அன்றைக்கு ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் ஹக்மன, மஹகனதராவ, புத்தங்கல என்று நிலையங்கள் கூடின.

ஒன்று போதாதா என்று கேட்கலாம். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை விநாடி எண்ணுவோமே, அதே வேலைதான். நிலம் அதிர்ந்தால் வேகமான அலை முதலில் வரும், மெதுவான அலை பின்னால் வரும். இடைப்பட்ட விநாடிகளை எட்டால் பெருக்கினால் எத்தனை கிலோமீற்றர் தூரம் என்று தோராயமாகத் தெரியும். எந்தத் திசை என்பது தெரியாது. மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டம் போட்டால் அவை வெட்டும் இடம்தான் அதிர்வு பிறந்த இடம். 2 அளவு அதிர்வை தூரத்து நிலையங்கள் சரியாகக் கேட்காது. பக்கத்தில் நாலைந்து கருவி இல்லாவிட்டால், "திகனப் பக்கம் எங்கேயோ" என்பதற்கு மேல் சொல்வது சிரமம்.

பஸ்ஸிலிருந்து ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியாது என்று தெரிந்துதான் பார்த்தேன்.

இருட்டியபின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். சித்தி மெலிந்திருக்கிறார். ரொட்டியும் கட்டச்சம்பலும். நில அதிர்வு பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவரும்தான்.

ஞாயிறு, பெப்ரவரி 11. தோட்டம், விக்டோரியா

விடியுமுன் தகரம் கடகடவென்று அதிர்ந்ததில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. இஸ்தோப்பிலிருந்து சித்தப்பாவின் குரல்: "படு தம்பி, அது கொரங்கு. நெலம் ஆடுனா சத்தம் கீழேருந்து வரும்."

தூக்கம் போய்விட்டது. தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நாளாக மனதில் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன். பதில் சித்தியிடமிருந்து வந்தது, அடுப்படியிலிருந்தபடியே.

"ஒனக்குத்தான் அன்னைக்கே சொன்னேனே. லொறின்னு சொல்லிட்ட."

"தப்புத்தான் சித்தி. இப்பச் சொல்லுங்க."

சொன்னார். ராத்திரி எட்டரை இருக்கும். சோறு வடித்துக்கொண்டிருந்தாராம். ஆட்டம் ஒன்றும் பெரிதில்லை. சத்தம்தான். பெரிய பீப்பாயை நிலத்துக்கு அடியில் யாரோ உருட்டிவிட்ட மாதிரி 'தும்ம்' என்று வந்து, பாதம் வழியாக ஏறி, தட்டு ராக்கையில் இருந்த எவர்சில்வர் மூடிகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்துவிட்டு நின்றது. நாய் குரைக்கவில்லை. அடுத்த காம்பராவில் ஒரு பிள்ளை மட்டும் அழுதது. மூன்று நான்கு விநாடி. அதற்குப் பிறகு லயத்தில் இருந்த எல்லோரும் வாசலுக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "ஒங்களுக்கும் கேட்டுச்சா?" என்று கேட்டார்களாம். தனியாக இருந்திருந்தால் தலைசுற்று என்று நினைத்துப் படுத்திருப்பேன் என்றார் சித்தி.

கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று விளங்கியது. 2 அளவு அதிர்வு சாதாரணமாக மனிதருக்குத் தெரியாது என்பார்கள். இங்கே தெரிந்ததற்குக் காரணம் இந்த மலையின் கட்டிப் பாறை. மலைநாட்டுப் பாறை ஏறக்குறைய 200 கோடி வருடப் பழசு. ஒரு காலத்தில் இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து இறுகி, மேலே உள்ளதெல்லாம் அரிபட்டுப் போக வெளியே வந்தது. அப்படிப்பட்ட பாறையில், அதிகம் ஆழமில்லாமல் பக்கத்திலேயே ஒன்று சறுக்கினால், முதலில் வரும் அலை மட்டுப்படாமல் வந்து நிலத்தைத் தாண்டிக் காற்றிலும் ஏறிவிடும். காது கேட்பது அதைத்தான். சித்தி சொன்ன பீப்பாய்ச் சத்தம் ஒன்றும் பிரமையில்லை.

அப்புறம் செப்டெம்பர் 2ஆம் திகதி காலை ஏழு மணியளவில் ஒன்று. நவம்பர் 18 காலையில் ஒன்று. டிசம்பரிலும். கொரோனாக் காலம் வேறு. வீட்டுக்குள் இரு என்று ஒரு பயம், வெளியே ஓடு என்று இன்னொரு பயம்.

ஆட்கள் முதலில் சந்தேகப்பட்டது சுண்ணாம்புக்கல் அகழ்வை. திகனப் பக்கம் வெள்ளைக் கல் நிறைய. சூளைகள் உண்டு, வெடி வைப்பதும் உண்டு. சித்தப்பா அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார். "சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு எவன் வெடி வைப்பான்?" புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தற்காலிகமாகக் கருவிகளும் வைத்தார்கள்.

இனிச் சித்தப்பாவின் சுவர். இந்தப் பயணத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்தது அதுதான்.

பின்பக்கக் காம்பராவில், ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் நுனி உள்ளே போகும். அதன் குறுக்கே, மேலிருந்து கீழாக, கொப்பித் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார். எண்ணினேன், ஏழு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒட்டிய திகதி. சித்தப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை செய்தவர். அங்கே ஒருமுறை இஞ்சின் நிற்கும் கொங்கிறீற் வெடித்தபோது, வெடிப்பின் மேலே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி வைத்தார்களாம். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் விரிகிறது என்று அர்த்தம். "கண்ணாடிக்கு எங்க போறது? புள்ளைங்க கொப்பிதான் இருந்துச்சு."

முதல் கீற்றில் 30.8.2020. இரண்டாவதில் 3.9.2020. முதல் கீற்று அதன் பிறகு வந்த மூன்று அதிர்வுக்கும் கிழியவில்லை. வருடக் கடைசியில் ஒரு வாரம் மழை ஊற்றியது. மழை விட்டு மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு கீற்றும் நடுவில் பிரிந்திருந்தன. பிரிந்த திகதியையும் கீழே குறித்திருக்கிறார். மற்றக் கீற்றுகளிலும் அதே கதை. ஒட்டிய மாதம் எதுவாகவும் இருக்கிறது. கிழிந்த மாதம் நவம்பர், டிசம்பர், ஜனவரிதான்.

"இதை யாருகிட்டயும் காட்டுனீங்களா சித்தப்பா?"

"பாக்க வந்த ஒருத்தர்கிட்ட காட்டுனேன். தாளான்னு கேட்டுச் சிரிச்சிட்டுப் போயிட்டார்."

நான் சிரிக்கவில்லை. போனில் ஒருமுறை சிரித்ததே போதும். லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மேட்டுத் தண்ணீரை ஒதுக்கிவிடும் கான் பாதிக்கு மேல் மண்ணால் தூர்ந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் கானில் ஓடாமல் நேரே அத்திவாரத்துக்கு இறங்குகிறது. மண் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவோடு நகர்கிறது, சுவரையும் இழுத்துக்கொண்டு. நேற்று முன்தினம் மீரியபெத்தையில் நின்றது ஞாபகம் வந்தது. இந்தச் சரிவு அவ்வளவு செங்குத்து இல்லை. அதைத் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குப் பின் விக்டோரியா அணைக்கட்டு. திகன முஸ்லிம் நானா ஒருவரின் த்ரீவீல். நில அதிர்வு பார்க்க வந்தேன் என்றதும் சிரித்தார். "நம்ம ஊர்ப் பேரு ரெண்டு தரம்தான் தம்பி உலகத்துக்குத் தெரிஞ்சது. அதிர்வு ரெண்டாவது." முதலாவது எது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் இந்தத் தெருவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சனம், பழக்கடை, பாண் வண்டியின் சங்கீதம்.

அணையைப் பார்க்கும் மேட்டில் நல்ல காற்று. 122 மீற்றர் உயரம், இரண்டு பக்கமும் வளைந்த கொங்கிறீற், மகாவலியைத் தோளால் தடுத்து நிற்கிற மாதிரி. 1985 ஏப்ரலில் திறந்தார்கள், பிரிட்டன் பிரதமர் தாட்சரே வந்தார். தேங்கக்கூடிய தண்ணீர் 72 கோடி கனமீற்றருக்கு மேல். பழைய தெல்தெனிய நகரம் அதற்கடியில் கிடக்கிறது. சித்தி சின்ன வயதில் அங்கே சந்தைக்குப் போனவர். தண்ணீர் மிகவும் வற்றும் வருடங்களில் இடிபாடு தலைகாட்டும்.

இத்தனை தண்ணீரின் பாரம்தான் நிலத்தை ஆட்டுகிறதா? கேள்வி முட்டாள்தனமானது அல்ல. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 1962இல் நிரம்பத் தொடங்கியது, 1967 டிசம்பரில் அங்கே 6க்கு மேல் அளவுள்ள நடுக்கம் வந்து நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பாரம் ஒரு பக்கம். பாறை இடுக்குகளில் நீர் கசிந்து இறங்கி, அங்கே அழுத்தம் கூடி, இறுகிப் பிடித்திருந்த பாறைகளின் பிடி தளர்வது இன்னொரு பக்கம். ஆனால் விக்டோரியா நிரம்பி முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் 2020 வந்தது. அதை வைத்து அணை காரணமில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, கொய்னாவில் இன்றும் அதிர்கிறது. அணைதான் என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்பவில்லை. இந்தியத் தட்டு முழுவதுமே வடக்கே இமயமலையில் முட்டிக்கொண்டு இறுக்கத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் நம் பழைய பாறைகளும் அந்த இறுக்கத்தை எங்காவது கொஞ்சம் விட்டுத்தான் ஆகவேண்டும். அணைக்கு ஆபத்தில்லை என்று அப்போதே அறிவித்தார்கள். நானா அணையைக் காட்டிச் சொன்னார்: "இது ஒடஞ்சா நமக்கு ஒண்ணுமில்ல தம்பி, நம்ம மேல ஈக்கிறம். கீழ ஈக்கிறவங்க பாடுதான்." சரியான புவியியல்.

திங்கள், பெப்ரவரி 12. தோட்டம்

காலையில் மண்வெட்டி எடுத்துக் கானில் இறங்கினேன். சித்தப்பாவும் பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவனும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மணித்தியாலத்தில் எங்கள் காம்பராவின் பின்பக்கம் மட்டும் ஓரளவு தெளிந்தது. லயம் முழுவதற்கும் வெட்ட ஒரு வாரம் வேண்டும். பாதி வேலையில், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து சைரன் ஊதி, பின்னால் 'டமார்' என்று ஒன்று கேட்டது. கல்வெடி. சத்தம் காற்றில், பக்கவாட்டில் வந்து முகத்தில் பட்டது. மண்வெட்டிக் காம்பில் ஒன்றும் தெரியவில்லை. சித்தி கதவடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"இதுதான் வெடி. வெளங்குதா?"

"வெளங்குது சித்தி."

இரண்டு மணிக்கு பஸ். அதற்கு முன் சித்தப்பா ஒரு கொப்பியும் கொஞ்சம் குழைந்த சோறும் கொண்டுவந்தார். கண் முன்புபோல் இல்லையாம், பென்சிலை என்னிடம் தந்தார். போன மாதம் கிழிந்த கீற்றுக்குப் பக்கத்தில் ஈரம் துடைத்துப் புதுத் தாளை வைத்து விரலால் நீவிவிட்டார். நான் 12.2.2024 என்று நடுவில் பெரிதாக எழுதப் போனேன்.

"நடுவுல எழுதாத. மேல எழுது. கிழியிற அன்னைக்கு நான் எழுத எடம் வேணாமா?"

மேலே, ஓரமாக எழுதினேன்.